பாலை மரத்தை நட்டது யார்?

ஆனி, ஆடி மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளுக்குப் பாலைப்பழம் வரும். வன்னியிலிருந்து வாளியில் கொண்டுவந்து, சுண்டால் அளந்து கடதாசிச் சுருளில் போட்டுத் தருவார்கள். மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனியளவு பழம். நாலைந்தைச் சேர்த்து வாயில் போட்டால் அப்படி ஓர் இனிப்பு. கொஞ்ச நேரத்தில் அதன் பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வழுவழுவென்று கபில நிறக் கொட்டை ஒன்று இருக்கும். பழத்தைத் தின்றுவிட்டு அதை முற்றத்தில் துப்பிவிடுவோம்.

வன்னிக் காட்டில் அதே பழத்தைத் தின்ன நிறையப் பேர் இருக்கிறார்கள். கரடி தின்னும், குரங்கு தின்னும், மான் தின்னும், பன்றி தின்னும், மரநாய் தின்னும். தின்ற எல்லாமே எங்கோ ஓரிடத்தில் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். இன்று நாங்கள் அண்ணாந்து பார்க்கிற ஒரு பாலை மரம், எத்தனையோ காலத்துக்கு முன் வயிறு நிறையத் தின்று நடந்துபோன ஒரு மிருகமோ பறந்துபோன ஒரு பறவையோ போட்ட கொட்டையிலிருந்து வந்தது. பறவைகளின் பங்கும் பெரியதுதான். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே முலையூட்டிகளைப் பற்றி மட்டும். முலையூட்டி என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல், தமிழ்நாட்டில் பாலூட்டி என்பார்கள். குட்டி போட்டுப் பால் கொடுப்பவை, யானை முதல் வௌவால் வரை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காடு என்பது ஆனையிறவுக்கு அப்பால் இருக்கும் ஒன்று. குடாநாட்டில் பனங்கூடல் உண்டு, கடற்கரையோரம் பற்றையும் கண்டலும் உண்டு, பெருங்காடு இல்லை. ஆனாலும் காடு எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. பழைய வீடுகளில் கதவும் நிலையும் முதிரை, கூரையைத் தாங்கும் தீராந்தி பாலை. இந்த இரண்டு மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கிவிடும். முதிரையின் காய் முற்றி வெடிக்கும். உள்ளே இருக்கும் விதைக்குச் சிறகு உண்டு, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பாலைக் கொட்டைக்குச் சிறகு இல்லை. அது வழுவழுப்பான, கனமான கொட்டை. யாரும் தூக்காவிட்டால் மரத்தின் காலடியிலேயே கிடக்கும். ஒரே வீட்டில், கதவைக் காற்று நட்டது, தீராந்தியைக் கரடி நட்டிருக்கலாம்.

காலடியில் கிடந்தால் என்ன குறை?

நாற்றுமேடையில் நெருக்கி விதைத்த மிளகாய்க் கன்றுகளை எவ்வளவு நாள் அப்படியே விட்டுவைப்போம்? ஒரு மாதம் கடந்தால் பிடுங்கி நட வேண்டும். விட்டால் ஒன்றின் நிழலில் ஒன்று வெளிறி, ஒரு கன்றில் வந்த நோய் இரண்டு நாளில் மேடை முழுவதும் பரவிவிடும். தோட்டக்காரருக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காட்டிலும் அதே கதைதான். தாய் மரத்தடியில் வெயில் குறைவு, தாயின் வேரோடு தண்ணீருக்குப் போட்டி. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அந்த மரத்தையே நம்பி வாழும் பூச்சியும் பூஞ்சணமும் அங்கேதான் குடியிருக்கும். பெரிய மரத்தை அவற்றால் கொல்ல முடியாது, முளைத்து இரண்டு இலை விட்ட பிஞ்சைக் கொன்றுவிடும். 1970 இல் டானியல் ஜான்சென் என்பவரும் 1971 இல் ஜோசப் கொனெல் என்பவரும் இதைத் தனித்தனியாக எழுதினார்கள். தாயிடமிருந்து தூரப் போகப்போக ஒரு விதை பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ஒரே இடத்தில் ஒரே மரம் குவியாமல், பாலையும் வீரையும் கருங்காலியும் பனிச்சையும் கலந்து கலந்து நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆக, மரத்துக்குத் தன் பிள்ளையை அயலூருக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதற்கோ கால் இல்லை. தூக்கிக்கொண்டு போகிறவருக்குச் சுமைகூலி கொடுக்க வேண்டும். பழத்தின் இனிப்பு அந்தச் சுமைகூலி.

பழம் பழுக்கும் வரை விளாங்காய் ஏன் அப்படிப் புளிக்கிறது, நாவல் ஏன் துவர்க்கிறது என்று சின்ன வயதில் அம்மம்மாவைக் கேட்டிருக்கிறேன். "பொறுத்துத் தின் எண்டு சொல்லுது" என்பார். உயிரியல் படித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான பதில் என்று தெரிந்தது. விதை முற்றும் முன் யாரும் தொடக்கூடாது, முற்றிய பின் எல்லோரும் வர வேண்டும். நிறம், மணம், இனிப்பு எல்லாம் அந்த நாளில்தான் வரும்.

கரடி பழம் பறிக்கும் விதம்

பாலை பழுக்கும் நாட்களில் வில்பத்துப் பக்கம் போகிறவர்கள் கரடியைக் காண ஆசைப்படுவார்கள். மற்ற மாதங்களில் கண்ணில் படாத கரடி அப்போது மரத்தின் மேலேயே இருக்கும். நீண்ட வளைந்த நகத்தால் தண்டைப் பற்றி ஏறி, கவட்டில் உட்கார்ந்துகொண்டு, கொப்பை வளைத்து வளைத்துத் தின்னும். ஒரு பங்கு வாய்க்கும் மூன்று பங்கு நிலத்துக்கும் போகும். கீழே புள்ளிமானும் பன்றியும் காத்து நிற்கும். மரம் ஏறத் தெரியாத மானுக்குப் பாலைப்பழம் கிடைக்கச் செய்வது கரடியும் குரங்கும்தான்.

கரடிக்குப் பழத்தை மென்று தின்னும் பொறுமை இல்லை, அள்ளி விழுங்கும். அதனால் கொட்டை உடையாமல் வயிற்றுக்குள் போய், உடையாமல் வெளியே வரும். அந்தக் காலத்தில் கரடியின் எச்சம் முழுக்கக் கொட்டையாகவே இருக்கும்.

கொன்றைக்கும் கரடிக்கும் ஒரு தனி உறவு உண்டு. சரக்கொன்றையின் நீளமான கறுத்த காயை எல்லோரும் பார்த்திருப்போம். அது முருங்கைக்காய் போல வெடித்து விதையைக் கொட்டாது. மாதக்கணக்கில் தொங்கி, விழுந்தாலும் மூடியபடியே கிடக்கும். உள்ளே தட்டுத் தட்டாக விதை, அதைச் சுற்றிக் கறுப்பான இனிப்புக் களி. யாராவது உடைத்துத் தின்ன வேண்டும் என்று அந்த மரம் காத்திருக்கிறது. கரடி உடைக்கும், நரியும் குரங்கும் உடைக்கும். சித்திரையில் வன்னிப் பாதை ஓரமெல்லாம் மஞ்சள் சரம் தொங்குகிறதே, அதில் இவர்களுடைய கை இருக்கிறது.

வேழம் உண்ட விளாங்கனி

தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: வேழம் உண்ட விளாங்கனி. யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் அப்படியே வெளியே வருமாம், உள்ளே சதை மட்டும் இருக்காதாம். வேழம் என்றால் இங்கே யானை இல்லை, விளாம்பழத்துக்கு வரும் ஒரு நோய் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தமிழ்ப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம். யானை விளாம்பழத்தை முழுசாக வாயில் போடும் என்பது உண்மை. ஓடு எப்படிப் போனாலும் விதை முழுசாக வெளியே வரும் என்பதும் உண்மை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

முல்லைத்தீவுப் பக்கம் எனக்கு ஒரு மாமா இருக்கிறார், கமக்காரர். ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். குளக்கட்டுக்குப் பின்னால் காட்டோரமாக நடந்தபோது, நடைபாதையில் ஒரு பழைய யானை லத்தி. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, நார் நாராகப் பிரிந்து கிடந்தது. நான் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். மாமா ஒரு தடியை முறித்துத் தந்தார்.

"கிண்டிப் பார் தம்பி. நாங்கள் மிளகாய்க்கு மேடை போடுறனாங்கள் எல்லோ, உதுவும் அது மாதிரித்தான்."

கிண்டினேன். மேலே வெள்ளைக் குடை போல நாலு சிறு காளான். நாரை விலக்கியதும் கறுத்த வண்டு ஒன்று பின்னங்காலால் மண்ணுக்குள் இறங்கியது. ஓரமாக ஏழெட்டு முளை, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன இலை. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்தேன். சந்தேகமே இல்லை, விளாத்தி. பக்கத்தில் எங்கும் விளாத்தி மரம் இல்லை. "மரம் எங்கே மாமா நிக்குது?" என்றேன். அவர் காட்டின் மறுபக்கத்தைக் கையால் காட்டினார். குளத்துக்கு அந்தப் பக்கம், நடந்து போனால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

இதன் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ இலை, புல், பட்டை, பழம் தின்னும். தின்றதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கும். ஆடு மாடு போல அசைபோடும் வயிறு அதற்கு இல்லை. செரிப்பது குறைவு என்பது யானைக்கு நட்டம், விதைக்கு லாபம். விழுங்கிய விதை ஒரு நாளுக்கு மேல் வயிற்றில் இருக்கும். அதற்குள் யானை நடந்து போய்விடும். இலங்கையிலும் மியன்மாரிலும் யானைகளைக் கொண்டு கணக்கிட்டு 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, விதைகளில் பெரும்பகுதி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுகிறது. மிகத் தூரம் போனவை 5 கிலோமீட்டரையும் தாண்டின. எங்கள் காட்டில் ஒரு கொட்டையை இவ்வளவு தூரம், இவ்வளவு எருவோடு, கொண்டுபோய் வைக்கக்கூடிய தரைவாழ் மிருகம் வேறு இல்லை.

லத்தி எரு மட்டுமல்ல, வீடும்கூட. அந்தக் கறுத்த வண்டு சாணத்தைத் துண்டு துண்டாக மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கும், தன் குஞ்சுக்கு உணவாக. சாணத்தோடு சேர்ந்து சில விதையும் புதைந்துபோகும். எலியின் கண்ணிலிருந்து தப்பிய விதை அது. இலங்கையின் தென்கிழக்கில் யானை லத்திகளைப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வாளர், அவற்றுக்குள் மூன்று இனத் தவளைகள் ஈரத்துக்கு ஒதுங்கியிருந்ததைக் கண்டு 2009 இல் எழுதினார். ஆவணி, புரட்டாதி வெயிலில் வன்னி நிலம் எப்படிக் காயும் என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு தவளைக்கு அந்த ஈரம் என்ன பெறுமதி என்று தெரியும்.

அதே வறட்சியில் யானை காய்ந்த ஆற்றுமணலைக் காலால் தோண்டித் தண்ணீர் எடுக்கும். அது குடித்துவிட்டுப் போன குழியில் மற்றவை குடிக்கும். சேற்றில் அது பதித்த காலடியில் மழைத் தண்ணீர் தேங்கினால் தவளை முட்டையிடும். மியன்மாரில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொப்பை முறித்துப் போட்டால் எட்டாத இலை மானுக்கு எட்டும், திறந்த இடைவெளியில் வெயில் விழும், அந்த வெயிலுக்காகக் காத்திருந்த கன்று எழும்பும்.

ஆனையிறவு என்ற பெயரைத் தினமும் சொல்கிறோம். ஒல்லாந்தர் காலத்தில் வன்னித் தலைவர்கள் திறையாக யானை கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் யானை விற்பனை நடந்தது, இங்கிருந்து கப்பலேறிப் போயின. எங்கள் வரலாற்றில் யானை ஒரு வியாபாரப் பொருளாகத்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. அப்படிப் பிடித்துக்கொண்டு போன ஒவ்வொரு யானையோடும் காட்டை நடும் ஒரு கமக்காரரும் போனார் என்று எனக்குத் தோன்றும்.

பனம்பழத்தைப் பற்றியும் ஒரு சொல். அவ்வளவு பெரிய பழம், உள்ளே இரண்டு மூன்று பெருங்கொட்டை. எந்தப் பறவை அதைத் தூக்கும்? பனம்பழம் விழுகிற காலத்தில் யானை பனையைத் தேடி வரும். ஆபிரிக்காவிலும் பனையின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் கொட்டையை யானை பரப்புகிறது. குடாநாட்டில் அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போடுகிறோம், கிழங்கு கிண்டுகிறோம். கிண்டாமல் விட்டது வடலியாகிறது. ஒரு வகையில் யாழ்ப்பாணத்தார் பனைக்கு யானையாகிவிட்டார்கள்.

ஆட்டுக் கொட்டிலில் ஒரு பாடம்

மான் எப்படி விதை பரப்பும் என்று பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. இலந்தை பழுக்கும் காலத்தில் ஆடு வளர்க்கும் வீட்டில் கொட்டிலைக் கூட்டிப் பாருங்கள். புழுக்கைக்கு நடுவே சுத்தமான இலந்தைக் கொட்டைகள் கிடக்கும், யாரோ கழுவி வைத்ததுபோல. ஆடு பகலில் பழத்தை விழுங்கிவிட்டு, இரவில் படுத்து அசைபோடும்போது சதையைத் தின்று கொட்டையைத் துப்பிவிடுகிறது.

புள்ளிமானும் மரையும் அசைபோடுபவைதான். இந்தியக் காடுகளில் நெல்லி மரத்தின் கொட்டை இப்படித்தான் இடம் மாறுகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மான் எங்கே படுக்கிறதோ அங்கே நெல்லி முளைக்கும். தின்ற இடத்தில் ஒரு கொட்டையும் மிஞ்சாது, படுத்த இடத்தில் எருவோடு சேர்ந்து கிடக்கும்.

மான் கூட்டம் இரவில் குளத்தடிப் புற்றரையில் மேய்ந்து, பகலில் காட்டுக்குள் ஒதுங்கும். புல்லிலிருந்து எடுத்த நைதரசனும் பொசுபரசும் புழுக்கையாகவும் சிறுநீராகவும் மரத்தடிக்கு வந்து சேரும். கூலியில்லாத எரு வண்டி அது, வருடம் முழுக்க ஓடுகிறது.

எங்கள் மதிலில் நடப்பவர்

இப்போது குடாநாட்டுக்குள்ளேயே வருவோம். இரவில் ஓட்டுக்கூரையில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டால் பலரும் எலி என்றோ பூனை என்றோ நினைப்பார்கள். பெரும்பாலும் அது மரநாய். சீவல் தொழில் செய்பவர்களுக்கு அதை நன்றாகத் தெரியும். பனையேறி முட்டிக்குள் தலையை விட்டுக் கள் குடித்துவிட்டுப் போகும். அந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்காக அதை அடித்துக் கொல்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

எங்கள் கிணற்றடி மதிலில் விடியற்காலையில் மரநாயின் எச்சம் கிடக்கும். அது பெரும்பாலும் ஒரே மாதிரி உயரமான, வெளியான இடத்தைத்தான் தெரிவு செய்யும். ஒருமுறை அதை ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தேன். பப்பாசி விதை, ஒரு கைப்பிடி. ஒவ்வொரு விதையும் கறுத்து, சுருங்கி, சுத்தமாக இருந்தது. பப்பாசிப் பழத்தை வெட்டும்போது விதையைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறை இருக்கும் அல்லவா, அது இல்லை.

அந்த உறைதான் விஷயம். விதை பழத்துக்குள் இருக்கும்போதே முளைத்துவிடாமல் தடுப்பது அது. பப்பாசி போட விரும்புகிறவர்கள் விதையைச் சாம்பலில் புரட்டித் தேய்த்து உறையைக் கழற்றி, நிழலில் உலர்த்தி, பிறகு போடுவார்கள். அம்மா சாம்பலில் செய்ததை மரநாய் வயிற்றில் செய்கிறது. பழச்சதை விதையைச் சுற்றி இருந்தால் முளைப்பது தாமதிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். குடல் அந்தச் சதையைக் கழற்றிவிடுகிறது. சில தடித்த தோல் விதைகளின் தோலை வயிற்று அமிலம் கொஞ்சம் தேய்த்தும் விடும், தண்ணீர் உள்ளே போக வழி கிடைக்கும். எல்லா விதைக்கும் இது உதவும் என்று சொல்ல முடியாது, சில செத்தும் போகும். ஆனால் தூக்கிப் போவதும் துப்புரவாக்குவதும் ஒரே பயணத்தில் முடிந்துவிடுகிறது. காட்டில் ஈச்சை, நாவல், வீரை என்று மரநாய் இதையே செய்கிறது.

வௌவாலும் முலையூட்டிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோயில் வீதி இலுப்பை பூக்கும் இரவுகளில் பழந்தின்னி வௌவால் கூட்டம் வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோமே, அந்தச் சர்க்கரையை மரம் வைத்திருப்பது இரவில் வருகிறவர்களுக்காக. தடித்த, இனிப்பான பூவிதழை வௌவால் கடித்து இழுக்கும்போது அதன் முகத்தில் மகரந்தம் அப்பும். அடுத்த மரத்துக்குப் போய் அங்கே பூசும். இலுப்பங்கொட்டை கிடைத்து எண்ணெய் எரிவது இதற்குப் பிறகுதான். ஆலும் அரசும் பழுத்தால் அதன் நுண்ணிய விதைகளை விழுங்கிப் பறந்துகொண்டே போடும். புன்னைக் காயைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கித் தின்று கொட்டையை அங்கே விடும். வயலையும் கடலேரியையும் தாண்டி, பல கிலோமீட்டர் தூரம், ஒரே இரவில். காடு துண்டு துண்டாகிவிட்ட ஊரில் ஒரு துண்டையும் இன்னொரு துண்டையும் இணைக்கும் பாலம் இதன் செட்டைதான்.

கிண்டுபவை, வேட்டையாடுபவை

மழை பெய்ததும் பன்றி நிலத்தைக் கிண்டிப் போடும். தோட்டத்தில் செய்தால் நட்டம். காட்டில் செய்தால் இறுகிய மண் இளகி, குழியில் இலைச் சருகும் தண்ணீரும் சேர்ந்து, விதை பிடிக்க இடம் கிடைக்கும். முள்ளம்பன்றி கிழங்குக்காகக் கிண்டும். அழுங்கு எறும்பையும் கறையானையும் தேடித் தோண்டும், அது விட்டுப்போன வளையில் வேறு பிராணி குடியேறும். கரடி புற்றை உடைத்துக் கறையானை உறிஞ்சும். கறையான் காட்டுக்குத் தேவையான ஒன்று, செத்த மரத்தை மண்ணாக்குவது அதுதான். ஆனால் அளவோடு இருக்க வேண்டும்.

அளவோடு வைத்திருக்கும் வேலையில் முதல் இடம் சிறுத்தைக்கு. இலங்கையில் வேங்கைப்புலி இல்லை, சிங்கம் இல்லை. காட்டின் உச்சியில் நிற்பது சிறுத்தை ஒன்றுதான், மானே அதன் முக்கிய இரை. சிறுத்தை இல்லாத காட்டில் மான் பெருகும். பெருகிய மான் பாலைக் கன்றையும் விளாத்திக் கன்றையும் இரண்டு இலை விட்ட உடனேயே மேய்ந்துவிடும். கரடி நட்டதை மான் தின்று தீர்த்தால் காடு எங்கே வளர்வது? சிறுத்தை கொல்வது சில மான்களை. அதன் பயத்தில் மற்ற மான்கள் ஓரிடத்தில் நின்று மேயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் கன்று தலையெடுக்கும். மிச்ச இறைச்சியை நரி, பன்றி, உடும்பு, எறும்பு என்று வரிசையாக வந்து முடிக்க, எலும்பு மண்ணுக்குப் போகும்.

மரம் நிற்கும், காடு இருக்காது

1992 இல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற உயிரியலாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் வெறுங்காடு என்று சொல்லலாம். வானத்திலிருந்து படமெடுத்தால் பச்சையாக இருக்கும். உள்ளே போனால் மரம் நிற்கும், மிருகம் இருக்காது. வேட்டையிலும் பொறியிலும் எல்லாம் போயிருக்கும்.

அப்படிப்பட்ட காட்டில் உடனே எதுவும் தெரியாது என்பதுதான் பயங்கரம். பாலை மெல்ல வளர்ந்து நெடுங்காலம் வாழும் மரம். பழம் தின்ன ஆளில்லாமல் போனாலும் தாய் மரம் பூக்கும், காய்க்கும், பழம் தரையில் விழுந்து புளித்து அழுகும். எங்கள் காலம் முழுவதும் மரம் நிற்கும். எங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில், பழைய மரம் சரியும்போது, அந்த இடத்துக்கு வர ஒரு கன்று இருக்காது. காற்றில் பறக்கும் விதை உள்ள மரங்கள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் காற்றிலுள்ள காபனின் கணக்கும் இருக்கிறது. மிருகங்கள் பரப்பும் பெருங்கொட்டை மரங்களில் பல, பாலை போல வைரம் பாய்ந்த மரங்கள். கனமான மரத்தில் காபன் அதிகம் சேமிக்கப்படும். மத்திய ஆபிரிக்காவின் காட்டு யானைகள் முற்றாக அழிந்தால் அந்தக் காடுகளின் நிலத்துக்கு மேலான மர நிறை 7 சதவீதம் குறையும் என்று 2019 இல் ஓர் ஆய்வு கணித்தது. அந்த யானை வேறு இனம், அந்தக் காடும் வேறு. அந்த எண்ணை அப்படியே வன்னிக்கு வைக்கக்கூடாது. ஆனால் மிருகம் போனால் மரத்தின் வகை மாறும், மரம் மாறினால் அது பிடித்துவைக்கும் காபனும் மாறும் என்பது இங்கேயும் பொருந்தும்.

மாமாவின் பக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டு மாமாவின் வயலைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது நேர்மையாக இராது. நான் லத்தியைக் கிண்டிய அதே வருடம், கதிர் முற்றிய வயலுக்குள் யானை இறங்கி ஒரே இரவில் பாதியை மிதித்துவிட்டது. அவர் மூன்று மாதம் பரணில் இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் இருந்தவர். நாடு முழுவதும் பார்த்தால் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

காடு தரும் பயன் எல்லோருக்கும் வருகிறது. பாலைப்பழமும் தேனும் தீராந்தியும் ஆனையிறவைத் தாண்டி எங்களிடம் வருகின்றன. அந்தக் காட்டை நடுகிற யானைக்கான செலவை மட்டும் காட்டோரத்தில் இருக்கிற கமக்காரர் தனியாகக் கொடுக்கிறார். இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். பயிருக்கு இழப்பீடு உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும், ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் பராமரிப்புள்ள மின்வேலி வேண்டும், யானை காலங்காலமாக நடக்கிற பாதையில் புதிதாகக் கட்டடம் எழும்பக்கூடாது. யானையைக் காப்பாற்றுங்கள் என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்கிற எவரும் இவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாமாவிடம் ஒருமுறை கேட்டேன், யானையே இல்லாவிட்டால் நல்லதுதானே என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வயலுக்கை வராட்டிக் காணும் தம்பி," என்றார். "காட்டுக்கை இருக்கட்டும். அது அதின்ரை வளவு."

வீட்டிலேயே பார்க்க ஒரு வேலை

பிள்ளைகளுக்கு இதை விளக்க விரும்புகிறவர்கள் ஒரு பப்பாசிப்பழம் வாங்குங்கள். இருபது விதை எடுத்துச் சாம்பலில் தேய்த்து உறையைக் கழற்றி, கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். இரண்டு சட்டியில் ஒரே மண் போடுங்கள். ஒன்றில் அந்த இருபதையும், மற்றதில் வழுவழுப்பான உறையோடு பழத்திலிருந்து எடுத்த இன்னொரு இருபதையும் போட்டு, தினமும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். முதல் முளை எந்தச் சட்டியில் வருகிறது, மாத முடிவில் எதில் எத்தனை நிற்கிறது என்று பிள்ளையே ஒரு கொப்பியில் எழுதட்டும். மதிலில் மரநாயின் எச்சம் கிடைத்தால், கையுறை போட்டு ஒரு குச்சியால் விதையைப் பிரித்தெடுத்து, மூன்றாவது சட்டியாக அதையும் பக்கத்தில் வையுங்கள்.